பன்றி இறைச்சியில் வளர்ந்த காணிக்கை

போரில் சிதைந்த கோவில்களுக்கு உதவி என்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு வந்தால், பையில் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருகிறோம். அந்தக் காசு கடந்து வந்த பாதை இரண்டு நூற்றாண்டு நீளம்.

பிரான்சின் லியோன் நகரில், 1819 வாக்கில், பவுலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் பட்டாலைத் தொழிலாளிப் பெண்களிடம் வாரம் ஒரு சூ கேட்டார். சூ என்பது சில்லறைக் காசு. பத்துப் பேரிடம் வசூலிக்க ஒருவர், அப்படிப் பத்து வசூல்காரர்களுக்கு இன்னொருவர் என்று சங்கிலி நீண்டது. இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் சங்கங்கள் வாரம் ஒரு பென்னி என்று இதை முன்பே செய்துவந்தன. 1822இல் லியோனில் இதற்கென ஒரு சங்கமே பிறந்தது.

1856இல், கிரிமியப் போர் முடிந்த கையோடு, பாரிஸ் பேராசிரியர்கள் சிலர் ஒட்டோமான் பேரரசின் கிறிஸ்தவர்களுக்காக நிதி திரட்டத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் கோஷி. நம் பொறியியல் மாணவர்கள் கணிதத் தாளில் சந்திக்கும் அதே கோஷிதான்! 1860இல் லெபனானிலும் டமாஸ்கஸிலும் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, அந்த நிதி அமைப்பின் இயக்குநர் லாவிஜெரி நேரில் போய் உதவி வழங்கினார். அங்கே அவர் சந்தித்தவர்களில் அப்துல் காதிரும் உண்டு. பிரான்சோடு போரிட்டுத் தோற்ற அந்த அல்ஜீரிய முஸ்லிம் தலைவர், டமாஸ்கஸில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களின் உயிரைக் காத்திருந்தார்.

இந்தக் கதையில் என் மனதை அதிகம் தொடுவது 1947தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட லட்சக்கணக்கான ஜெர்மானியக் கத்தோலிக்கர்கள், கத்தோலிக்கக் கோவிலே இல்லாத புராட்டஸ்டண்ட் ஊர்களில் வந்து விழுந்திருந்தார்கள். அவர்களுடைய குருக்கள் முதுகில் பையோடு ஊர் ஊராக நடந்தார்கள். பெல்ஜியத்தின் டொங்கர்லோ மடத்திலிருந்த டச்சுக் குரு வெரன்ஃப்ரீட் வான் ஸ்ட்ராட்டன், அவர்களுக்கு உதவுங்கள் என்று மடத்தின் கிறிஸ்துமஸ் இதழில் எழுதினார். யாரிடம் கேட்டார் பாருங்கள்: மூன்றாண்டு முன்புவரை ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தவர்களிடம். ஃப்ளெமிஷ் விவசாயக் குடும்பங்களில் பணம் குறைவு, பன்றி உண்டு. ஆகவே உப்பிட்ட பன்றி இறைச்சி கேட்டார். அது டன் கணக்கில் குவிந்தது. ‘பன்றி இறைச்சிச் சாமியார்’ என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. 1940 மே மாதம் ஜெர்மன் படை 80க்கும் மேற்பட்ட ஊர்க்காரர்களைக் கொன்ற விங்க்ட் கிராமத்திலும் அவர் பேசினார். அந்த ஊரும் கொடுத்தது. வசூல் தட்டு, அவருடைய பழைய கறுப்புத் தொப்பி.

அந்தத் தொப்பியில் விழுந்த காசு குருக்களுக்கு வண்டிகளானது. பிறகு பெரிய லாரிகளே கோவிலாயின: பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் பீடம், உள்ளே உணவும் துணியும். 1990களின் இறுதியில் இந்த யோசனை தண்ணீரில் இறங்கியது. இந்த வசூலிலிருந்து வளர்ந்த அவருடைய அமைப்பின் உதவியோடு வோல்கோகிராட் பகுதியின் ஆறுகளில் மிதக்கும் ஆர்த்தடாக்ஸ் கோவில் ஓடியது. பழைய ஸ்டாலின்கிராட் அதுதான்.

2003இல் அவர் மறைந்தார். ஐஎஸ் படையிடமிருந்து மீட்கப்பட்ட ஈராக்கின் நினிவே சமவெளியில், இடிந்த வீடுகளைக் கட்டவும் அவருடைய அமைப்பு பணம் தந்தது. சனம் திரும்பாத ஊரில் கோவிலை மட்டும் எழுப்பி என்ன பயன்? உக்ரைனுக்கு ஜெனரேட்டர்கள் போகின்றன. பூசைக் காணிக்கையும் போகிறது. வேறொரு நாட்டில் யாரோ தம் இறந்த தாய்க்காகக் கொடுத்த பணத்துக்கு, அங்குள்ள குரு அந்தத் தாயை நினைத்துப் பூசை வைக்கிறார். அந்தக் குருவின் அடுப்பெரிவதும் அதில்தான்.