நடை, தோட்டம், பேச்சு: நம் ஊரின் கொரோனா வரலாற்றிலிருந்து கொஞ்சம்



போன வாரம் தரம் 6 வகுப்பில் கற்கால மனிதர்களைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், இறந்தவர்களை என்ன செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டு போகும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், கொரோனா நேரம் நீங்கெல்லாம் என்ன செஞ்சீங்க? ஊட்டுக்குள்ளயேதான் இருந்தீங்களா?"

அந்தப் பிள்ளைக்கு 2020இல் ஐந்து வயது. முகக்கவசம் மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

பல்லாயிரம் வருடத்துக்கு முந்திய மனிதன் என்ன சாப்பிட்டான் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, ஆறு வருடத்துக்கு முன் நம் ஊர் எப்படி நாளைக் கழித்தது என்று ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. "பிறகு சொல்றன்" என்று பாடத்துக்குத் திரும்பிவிட்டேன். அன்றிரவு எழுதத் தொடங்கியதுதான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் திகதிகள். நாட்டில் முதல் நோயாளி 2020 ஜனவரி 27இல் கண்டறியப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. மார்ச் 28 முதல் மரணம். ஏப்ரல் 11 அன்று, கொரோனாவால் இறப்பவர்களின் உடல்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. இந்தக் கடைசித் திகதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

நடை

எங்கள் வாப்பா நீரிழிவுக்காரர். கிளினிக்கில் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். சுபஹ் தொழுதுவிட்டு ஓட்டமாவடிப் பாலம் வரை போய் வருவது அவருடைய வழக்கம். ஊரடங்கு வந்ததும் வளவுக்குள் நடக்கத் தொடங்கினார். கிணற்றடியிலிருந்து கேற் வரைக்கும், பிறகு திரும்பக் கிணற்றடிக்கு. கையில் தஸ்பீஹ் மணி, ஒரு சுற்றுக்கு ஒரு மணி. சில நாளில் அவர் நடந்த இடத்தில் புல் அழிந்து ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் காக்காவும் அதே நேரம் நடப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் கிடுகு வேலிக்கு மேலால் கதைத்துக்கொண்டே நடப்பார்கள்.

2021 மே மாதம் நடமாட்டத்தை அடையாள அட்டையின் கடைசி இலக்கம் தீர்மானித்தது. ஒற்றை இலக்கக்காரர் ஒற்றைத் திகதியில், இரட்டை இலக்கக்காரர் இரட்டைத் திகதியில்தான் அவசியத் தேவைக்கு வெளியே போகலாம். எங்கள் வீட்டில் உம்மாவுக்கு ஒற்றை, வாப்பாவுக்கு இரட்டை. ஐம்பது வருடமாகக் கடைக்குப் போகாத உம்மா, அந்த மாதத்தில்தான் தனியே போய் மரக்கறி வாங்கினா.

தொற்றுக் காலத்தில் நடப்பது பற்றி நம்முடைய பழைய வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. இப்னு பதூதா 1344இல் நம் நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு வருடம் கழித்து, 1348இல், அவர் டமஸ்கஸில் இருந்தார். கொள்ளைநோய் ஊரை அழித்துக்கொண்டிருந்தது. மக்கள் மூன்று நாள் நோன்பு பிடித்து, பெரிய பள்ளிவாசலில் இரவைக் கழித்து, காலையில் வெறுங்காலோடு குர்ஆனை ஏந்தி ஊருக்கு வெளியே நடந்து போனார்கள். யூதர்கள் தவ்ராத்தோடும் கிறிஸ்தவர்கள் இன்ஜீலோடும் பெண்கள் பிள்ளைகளோடும் வந்து சேர்ந்துகொண்டார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

நம் காலத்திலும் ஒரு நடை நடந்தது. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை, பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை. தமிழ் மக்கள் தங்கள் கோரிக்கைகளோடு புறப்பட்ட அந்தப் பேரணியில் ஜனாஸா எரிப்பை நிறுத்தச் சொல்லும் கோரிக்கையும் இருந்தது. கிழக்கில் நம்மவர்கள் வீதிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். யுத்தகாலக் காயங்களை இரு பக்கமும் சுமந்துகொண்டிருக்கும் மாகாணத்தில் அது சின்ன விஷயமல்ல. அதற்குப் பிறகு எத்தனை பிணக்கு வந்தாலும், அந்த ஐந்து நாளைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தோட்டம்

அரசாங்கம் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி விதைப் பைக்கற்றுகள் கொடுத்தது. ஆனால் நம் பெண்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். கடை பூட்டு, கையில் காசு இல்லை, வேறு என்ன செய்வது. உம்மா உரப்பைகளில் மண் நிரப்பிக் கத்தரியும் கொச்சிக்காயும் நட்டா. கிணற்றடி ஈரத்தில் வல்லாரை. வேலியில் பயற்றங்காய்க் கொடி. பின்பக்கம் மரவள்ளித் தடி. முருங்கை ஏற்கெனவே நின்றது.

அந்த வருட நோன்பு ஏப்ரல் 25இல் தொடங்கியது. பள்ளிக் கஞ்சி இல்லாத முதல் நோன்பு. வீட்டுக்கு வீடு கஞ்சி காய்ச்சினோம். கஞ்சிக்கு முருங்கையிலை எங்கள் வளவிலிருந்து, தேங்காய் பக்கத்து வீட்டிலிருந்து, எலுமிச்சை அடுத்த ஒழுங்கையிலிருந்து. வேலிக்கு மேலால் கிண்ணம் போய்க் கிண்ணம் வரும். வெறும் கிண்ணம் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நாட்கூலிக்குப் போகும் குடும்பங்கள், மீன் யாவாரிகள், தையல்காரர்கள் கைநீட்டாமல் அந்தக் காலத்தைத் தாண்டியதில் 5,000 ரூபாய் கொடுப்பனவுக்கு ஒரு பங்கு என்றால், இந்தக் கிண்ணங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இதை எந்த அறிக்கையிலும் காண மாட்டீர்கள்.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது வயல்காரர்கள் கலங்கினார்கள். உம்மாவின் உரப்பைத் தோட்டம் ஆட்டுப்புழுக்கையிலும் சாம்பலிலும் வளர்ந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. 2022 நெருக்கடியில், பயிர் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த நேரம், அதே மரவள்ளிதான் எங்களுக்குக் காலைச் சாப்பாடு.

மண்ணைப் பற்றிப் பேசும்போது அந்த இன்னொரு மண்ணைப் பேசாமல் போக முடியாது.

அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டி வெளியிட்டிருந்தது. நம் நாட்டில் நிலத்தடி நீர் பழுதாகும் என்று சொன்னார்கள். 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையை எரித்தார்கள். பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். மதம் பார்க்காமல் பலர் கட்டினார்கள். அந்த மாதங்களில் நம் வீடுகளில் காய்ச்சலை மறைத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நோயைவிட நெருப்புக்குப் பயந்தோம். எத்தனை பேர் அதனால் பிந்தி ஆஸ்பத்திரிக்குப் போனார்களோ, அல்லாஹ்தான் அறிவான்.

2021 பெப்ரவரி 25இல் அடக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. முதலில் இரணைதீவைச் சொன்னார்கள். இடம்பெயர்ந்து வெகுகாலம் கழித்து ஊர் திரும்பிய மீனவ மக்கள் அங்கே எதிர்த்தார்கள். பிறகு நம்முடைய மஜ்மா நகர். மார்ச் 5இல் முதல் ஜனாஸாக்கள் வந்தன. ஒரு வருடத்தில் 3,600க்கும் மேற்பட்டவர்கள். அதில் இந்து, பௌத்த, கிறிஸ்தவ சகோதரர்களும் இருக்கிறார்கள். விறகும் விவசாயமுமாகப் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் வாழும் பூமி, நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் வந்தவர்களை ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 276 என்று அப்போது சொல்லப்பட்டது.

பேச்சு

ஜும்ஆ நின்றது. ஜம்இய்யத்துல் உலமா சொன்னபடி பள்ளிகள் மூடப்பட்டன. பாங்கு மட்டும் கேட்டது. மிம்பர் மௌனமாக இருந்த அந்த வெள்ளிக்கிழமைகளில் வாப்பா குளித்து, வெள்ளைச் சாரம் உடுத்து, அத்தர் பூசி, முன் விறாந்தையில் ளுஹர் தொழுதார்.

இது நமக்குப் புதிதென்று நாம் நினைத்தோம். ஹிஜ்ரி 18இல் பலஸ்தீனத்தின் அம்வாஸில் கொள்ளைநோய் வந்தபோது ஆளுநர் அபூ உபைதா (ரழி) தம் படையை விட்டுப் போக மறுத்து அங்கேயே வபாத்தானார். அவருக்குப் பின் முஆத் (ரழி) அவர்களும் அதே நோயில் வபாத்தானார். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) மக்கள் முன் எழுந்து, இது நெருப்பைப் போலப் பரவுகிறது, மலைகளில் பிரிந்து போய் இருங்கள் என்ற கருத்தில் பேசினார். சிலர் ஆட்சேபித்தார்கள். ஆனாலும் மக்கள் பிரிந்து போனார்கள், நோய் தணிந்தது. செய்தி கேட்ட கலீபா உமர் (ரழி) அதை வெறுக்கவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. ஹிஜ்ரி 833இல், அதாவது 1430இல், கெய்ரோவில் நாளுக்கு நாற்பதுக்குக் குறைவானவர்கள் இறந்துகொண்டிருந்தபோது மக்கள் வெளியே கூடிப் பிரார்த்தித்தார்கள் என்றும், அந்த மாதம் முடியுமுன் நாளொன்றுக்கு ஆயிரத்தைத் தாண்டியது என்றும் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி கொள்ளைநோய் பற்றிய தமது நூலில் பதிந்திருக்கிறார். தம் பெண்பிள்ளைகளைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்த தகப்பன் அவர். 2020இல் "பள்ளியைப் பூட்டுவதா?" என்று சண்டை பிடித்த நாம், இந்த இரண்டையும் முன்பே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

எனக்கும் பேச்சு மாறியது. கரும்பலகைக்கு முன் நின்று பேசிப் பழகியவன், வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினேன். முதல் நாள் ஒரு பாடத்தை ஏழு தரம் பதிந்து அழித்தேன். பிள்ளைகளின் முகம் இல்லாமல் எங்கே நிறுத்துவது, எங்கே சிரிப்பது என்று விளங்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் போன் இருந்தது. மற்றவர்களுக்கு நான் பேசவே இல்லை என்பதுதான் உண்மை.

எனக்குப் பேசப் பழக்கியவர் எங்கள் தமிழ்ப் பாட ஆசிரியர். மாணவர் மன்றத்தில் கால் நடுங்க நின்ற என்னைப் பார்த்து, "கடைசி வாங்கில இருக்கிறவனப் பாத்துப் பேசு மனே" என்பார். 2021 ஓகஸ்டில் அவர் கொரோனாவில் வபாத்தானார். ஊரில் யார் மௌத்தானாலும் ஜனாஸாவுக்குப் பின்னால் வீதி நிறைய நடப்போம், மையவாடியில் யாராவது இரண்டு வார்த்தை பேசுவார்கள். அவருக்குப் பேச வேண்டியவன் நான். அவருடைய இரண்டு மகன்மாருக்கு மட்டும் போக அனுமதி. நான் வீதியோரம் முகக்கவசத்தோடு நின்றேன். வாகனம் மஜ்மா நகர்ப் பக்கம் திரும்பிப் போனது. ஒரு நிமிடம்கூட இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடையில் பேசிவிட்டேன். அந்தப் பேச்சு மட்டும் இன்னும் கடனாக நிற்கிறது. இந்தப் பதிவில் கொஞ்சம் அடைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லப்போகிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வீட்டுவேலையும் கொடுக்கப்போகிறேன். வீட்டில் மூத்தவர்களிடம் மூன்று கேள்வி: அந்த நாளில் எங்கே நடந்தீர்கள்? எதை நட்டீர்கள்? யாரோடு பேச முடியாமல் போனது? பதில்களை ஒரு கொப்பியில் சேர்த்துப் பாடசாலை நூலகத்தில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

வளவில் வாப்பா நடந்த பாதையில் இப்போது புல் முளைத்துவிட்டது. அவர் பழையபடி பாலத்துக்குப் போகிறார். கேட்டால் "அதெல்லாம் என்னத்துக்கு மனே" என்கிறார். இன்னும் பத்து வருடத்தில் கேட்பதற்கு ஆள் இருக்காது.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். இரண்டு வரியானாலும் போதும். மஜ்மா நகரில் உறங்குபவர்களுக்கும், மண் கிடைக்காமல் போனவர்களுக்கும் துஆச் செய்யுங்கள்.