பாடாத பிள்ளைகள்
கேரளத்தின் கிடங்கூரில், 1985 சூலையில், மூன்று பிள்ளைகள் பள்ளியினின்று வெளியேற்றப்பட்டனர். நாட்டுப்பண் ஒலிக்கையில் மரியாதையுடன் எழுந்து நின்றனர், பாடவில்லை, அவ்வளவே. யெகோவாவின் சாட்சிகளாகிய அவர்தம் மனச்சான்று இடந்தரவில்லை. அவர்கள் அவமதிக்கவில்லையென விசாரணைக் குழுவே கூறியும் பயனில்லை. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கெனப் பெயர்பெற்ற இதில், 1986 ஆகஸ்டு 11இல், உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தது. பேச்சுரிமையில் மௌனமும் அடங்கும் என்பதே நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்புச் சாரம்.

அச்சபையாரின் போதனையை நாம் ஏற்பதில்லை. ஆயினும், மனச்சான்றை வற்புறுத்தலாகாதென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிக்கையிட்டது அவர்களுக்கும் சேர்த்தே. நமது முத்துக்குளித்துறைப் பள்ளிகளிலும் காலைச் செபத்தின்போது வாய் திறவாது நிற்கும் பிறசமயப் பிள்ளைகள் உண்டு. அவர்களை அதட்டும் ஆசிரியருக்கு இத்தீர்ப்பை வாசிக்கக் கொடுக்கலாம்.