அணங்கும் இறையும்: திருப்பதி கங்கம்மா கதை

அச்சம் எதனால் பிறக்கிறது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் இதற்கு நான்கு நிலைக்களன்கள் கூறினார். வருத்தும் தெய்வ ஆற்றலாகிய அணங்கு, விலங்கு, கள்வர், ஆளும் இறைவன் என்பன அவை. இவற்றுள் முதலதும் இறுதியதும் நேருக்கு நேர் மோதும் கதையொன்று, திருப்பதியில் ஆண்டுதோறும் தெருவில் நடிக்கப்பெறுகிறது.

அதுவே தாதய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை. ஊர்ப் பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவின் மீதும் கண் வைத்தான். அவள் தன் உருவைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்தான். பைராகி, தோட்டி எனப் பல வேடங்களில் தேடிய அன்னை, முடிவில் துரை வேடம் பூண்டு அவனை வெளிவரச் செய்து தலையைக் கொய்தாள். விரதம் பூண்ட ஆடவர்கள் இவ்வேடங்களைத் தாங்கி வீதிதோறும் செல்கின்றனர். பெண் வேடமிட்டு வேண்டுதல் நிறைவேற்றும் ஆடவரும் பலர்.

கதையின் பின்னே வரலாற்று நிழல் உண்டு. விசயநகரப் பேரரசு தளர்ந்தபின் சித்தூர்ச் சீமையில் பாளையக்காரர்கள் ஓங்கினர். 1801-இல் கருநாடகம் கும்பினியார் வசமான பின்னரே அவர்கள் ஆற்றல் ஒடுங்கியது. கதையில் வருபவன் இன்னான் என்று பெயர் சொல்லி நிறுவ இயலாது. ஆயினும் கேள்வி கேட்பாரற்ற அதிகாரத்தின்மீது குடிகள் கொண்ட அச்சம் அதில் உறைந்திருக்கிறது.

இங்கே கருதத்தக்கது ஒன்று. கொடியவனின் உள்ளக்கிடக்கையைக் கதை ஓரிரு சொற்களில் முடித்துவிடுகிறது. அச்சத்தை வளர்ப்பது சூழலே: மே மாதக் கொடுவெயில், பறையொலி, நாளுக்கொரு வேடம், அம்மை நோயின் பழைய நினைவு. பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பெற்ற பின்னும், நோய்க்கும் தாய்க்கும் நம் மொழி ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.

திரைப்படங்கள் இருவழிகளிலும் சென்றுள்ளன. 1973-இல் வந்த 'தி விக்கர் மேன்' என்னும் ஆங்கிலப் படத்தில் தனிக் கொடியவன் என்று ஒருவனைச் சுட்டுவது அரிது. விளைச்சல் பொய்த்த தீவும் அதன் பாட்டும் கூத்துமே நம்மை நடுங்கச் செய்கின்றன. 2009-இல் வந்த 'அருந்ததி' என்னும் தெலுங்குப் படமோ, பசுபதி என்பானின் காமத்தையும் வஞ்சத்தையும் விரித்துரைக்கிறது. விரித்துரைக்குந்தோறும் கொடியவன் பெரியவனாகிறான். பாதிக்கப்பட்டவர் பின்னே போய்விடுகின்றனர். மாறாக, காரணத்தை அறவே நீக்கினால் அன்னையின் சினம் வெறும் கொலையாகிவிடும்.

ஜாத்திரை இதற்கு ஓர் அளவு காட்டுகிறது. தலை கொய்த பின்னர் வருவது மாதங்கி வேடம். அவ்வேடத்தில் அன்னை, பாளையக்காரனின் மனைவியைத் தேற்றுகிறாள். குற்றத்துக்கு ஒரு சொல், அச்சத்துக்குப் பல நாட்கள், துயருற்றவளுக்கு ஓர் ஆறுதல். வேற்று மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு ஊர்த் தெய்வங்களின் கதையைச் சொல்லும்போது, தலை விழுந்த இடத்தில் நிறுத்திவிடாமல் மாதங்கி வரும்வரை சொல்வோமாக.