தயிர் கடைதலும் நெய்யின் உரிமையும்: ஆய்மகள் முதல் கூட்டுறவுச் சங்கம் வரை

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் அமைந்த வெள்ளிமலை போன்ற மேட்டுநில ஊர்களில், கறந்த பாலை அன்றே சமவெளிச் சந்தையில் சேர்ப்பது எளிதன்று. காய்ச்சாத பால் சில மணி நேரத்தில் திரியும். தயிர் ஓரிரு நாள் நிற்கும். வெண்ணெய் சில நாள் தாங்கும். உருக்கிய நெய் மாதக் கணக்கில் கெடாது. எனவே பாலை உறையிட்டுத் தயிராக்கிக் கடைவது சுவை பற்றிய சமையல் முறை மட்டுமன்று. சந்தையின் தொலைவைக் கடக்க உதவிய தொழில்நுட்பமும் ஆகும். இவ்வாறு கடைந்தெடுத்த நெய்யின் மீது உரிமை யாருக்கு இருந்தது என்பதை இலக்கிய, கல்வெட்டுச் சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்மகளின் கணக்கு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, முல்லைநிலத்து ஆய்மகள் பறவைகள் எழும் விடியலில் மத்தொலி எழத் தயிர் கடைவதைக் காட்டுகிறது. விடியல் என்னும் பொழுது இங்கு வெறும் வருணனையன்று. குளிர்ந்த பொழுதில்தான் கொழுப்புத் துளிகள் இறுகித் திரளும். வெப்பம் ஏறினால் அவை இளகி, வெண்ணெய் சரிவரத் திரளாது. கடைந்தபின் அவள் மோரைப் பண்டமாற்றாகக் கொடுத்துப் பெற்ற உணவால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல், எருமையையும் நல்ல பசுவையும் கரிய நாகினையும் பெறுகிறாள். மோர் அன்றாட உணவாகிறது; நெய் மந்தையைப் பெருக்கும் முதலாகிறது. இம்முடிவை எடுப்பவள் கடைந்தவளே.

கோயில் விளக்கின் கணக்கு

சோழர்காலக் கல்வெட்டுகளில் நெய் வேறொரு கணக்குக்குள் வருகிறது. முதலாம் இராசராசன் (985–1014) காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, ஒரு நந்தாவிளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க 96 ஆடுகளோ 48 பசுக்களோ 16 எருமைகளோ இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓர் எருமைக்கு மூன்று பசு அல்லது ஆறு ஆடு என்னும் இவ்விகிதம், கால்நடையை அது தரும் நெய்யைக் கொண்டு மதித்ததைப் புலப்படுத்துகிறது. கொடையாடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு இறப்பினும் மூப்பினும் நெய்யளவு குறையலாகாது என்பதே இதன் உட்பொருள். பால் குறைந்த பருவத்தின் இழப்பும் இடையரையே சார்ந்தது. கால்நடையைப் பொறுப்பேற்ற இடையரின் பெயர்களைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அந்நெய்க்காகத் தயிர் கடைந்த பெண்டிர் இக்கணக்கில் இடம்பெறவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், 1981இல் உருவான தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையமும் பாலைப் பாலாகவே விற்கும் வாய்ப்பை விரிவாக்கின. இன்று கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்து பாலுக்கு விலை தரப்படுகிறது. முன்பு வீட்டில் மத்தால் பிரித்த கொழுப்பு இப்போது சங்கத்தில் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. இதனால் சிறு உற்பத்தியாளருக்குத் தொடர்ந்த பணவரவு கிடைத்தது. கடையும் உழைப்பும் குறைந்தது. ஆயினும் பால் முழுவதையும் விற்கும் வீட்டில் மோர் மிஞ்சுவதில்லை. கடைந்தவளிடம் தங்கிய நெய்ச் சேமிப்பும் இல்லை.

முடிவுரை

மூன்று காலத்திலும் மதிப்பிடப்பட்ட பொருள் பாலின் கொழுப்பே. மாறியது அதனை அளப்பவரும் அதன் பயனை முடிவு செய்பவரும் ஆவர். பால் வரலாற்றைக் கொடைக் கணக்கையும் கொள்முதல் கணக்கையும் மட்டும் கொண்டு எழுதினால் கடைந்தவரின் பங்கு புலப்படாது. கல்வராயன் மலை போன்ற பகுதிகளில் மத்து, தயிர்த்தாழி, உறையிடும் வழக்கம், மோர்ப் பங்கீடு ஆகியவை பற்றிப் பெண்களின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது இவ்விடைவெளியை நிரப்பும் முதற்பணியாகும்.