ஐம்பது ஓட்டைகள், ஐம்பத்தாறு குற்றிகள்

அமெரிக்காவில் இருந்து வந்திருந்த மாமா ஒருவர், பெட்டியின் அடியில் இருந்து ஒரு மட்டை அல்பத்தை எடுத்துக் காட்டினார். விரித்தால் ஐக்கிய அமெரிக்காவின் வரைபடம். மாநிலத்துக்கு ஒன்றாக 50 வட்ட ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கால் டொலர் குற்றி. "முழுசா முடிச்சிட்டன், பத்து வருசம் பிடிச்சது" எண்டார். ஆனால் அல்பத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொலித்தீன் பை ஒட்டியிருந்தது. அதுக்குள்ள இன்னும் ஆறு குற்றி.

"இது என்ன மாமா?"

"அதுகளுக்கு இதில இடம் இல்லை."

அந்தப் பதில் எனக்குள் கிடந்து உறுத்தியது. இடம் இல்லாத அந்த ஆறும் எங்கிருந்து வந்தன என்று தேடியதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

1932 முதல் அமெரிக்கக் கால் டொலரின் ஒரு பக்கத்தில் ஜோர்ஜ் வொஷிங்டன், மறுபக்கத்தில் கழுகு. 1976இல் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டுக்காக ஒரு பறையடிப்பவரின் உருவம் வந்து போனதைத் தவிர, அறுபத்தைந்து வருடத்துக்கும் மேலாக வேறு மாற்றம் இல்லை. 1992இல் கனடா தன் 125ஆவது ஆண்டு நிறைவுக்காக மாகாணங்களுக்கும் பிரதேசங்களுக்கும் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு 25 சதக் குற்றிகளை வெளியிட்டது. மக்கள் மிச்சக்காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். அமெரிக்கா இதைக் கவனித்தது. 1997 டிசம்பர் 1ஆம் திகதி சட்டம் கையெழுத்தானது. 1999 முதல் 2008 வரை, வருடத்துக்கு ஐந்து வீதம், ஏறத்தாழ பத்து வாரத்துக்கு ஒன்றாக, மாநிலங்கள் ஒன்றியத்தில் சேர்ந்த ஒழுங்கில் குற்றிகள் வெளிவரும். முதலில் டெலவெயர். கடைசியில் ஹவாய்.

கேட்க லேசாகத்தான் இருக்கு. வாங்கின மிச்சக்காசில 50 குற்றியைப் பொறுக்கி எடுத்தாச் சரி. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. முதல் சிக்கல் ஒரு எழுத்து. வொஷிங்டனின் பின்குடுமிக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் 'பி' அல்லது 'டி' என்று ஒரு சின்ன எழுத்துத் தெரியும். முதலாவது பிலடெல்பியா நாணயசாலையில் அடித்தது, இரண்டாவது டென்வரில் அடித்தது. கண்டிப்பான சேகரிப்பாளருக்கு இரண்டும் வேண்டும். அப்படியானால் தொகுதி 50 அல்ல, 100. பிலடெல்பியாக் குற்றிகள் பெரும்பாலும் கிழக்கில் புழங்கும், டென்வர் குற்றிகள் மேற்கில். நியூயோர்க்கில் இருப்பவருக்கு டென்வர் குற்றி கையில் வர நாள் எடுக்கும். மாமா இந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் கணக்கில் அவர் முடித்தது பாதிதான்.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை. எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவில் அடிக்கவில்லை. 2000இல் வந்த வெர்ஜினியாக் குற்றி இரண்டு நாணயசாலையிலும் சேர்த்து ஏறத்தாழ 159 கோடி. 2008இன் ஒக்லஹோமா 42 கோடிக்கும் குறைவு. வங்கிகள் எவ்வளவு சில்லறை கேட்கின்றனவோ அவ்வளவுதான் அடிப்பார்கள். மாநிலத்தின் பெருமைக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு குற்றிக்கான காலம் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது சிக்கல் பிழைகள். 2004இல் டென்வரில் அடித்த விஸ்கொன்சின் குற்றிகள் சிலவற்றில் சோளக்கதிருக்குப் பக்கத்தில் ஒரு இலை கூடுதலாக இருந்தது. சிலதில் இலை மேல்நோக்கி, சிலதில் கீழ்நோக்கி. உடனே பிழையும் தொகுதிக்குள் சேர்ந்துவிட்டது. இப்ப அந்த மாநிலத்துக்கு மட்டும் எத்தனை ஓட்டை வேணும்?

இந்த விளையாட்டில் உண்மையில் வென்றது யார் என்று பார்த்தால், அரசுதான். அந்த நாட்களில் ஒரு கால் டொலரை அடிக்க ஏறத்தாழ 5 சதம்தான் செலவு. அதை 25 சதத்துக்கு வங்கிக்குக் கொடுப்பார்கள். குற்றி கைமாறிக்கொண்டே இருந்தால் புதிதாக நிறைய அடிக்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் அதை அல்பத்துக்குள் வைத்து மூடினால், புழக்கத்தில் இருந்து அது காணாமல் போகும், பதிலுக்கு இன்னொன்று அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையும் நிரம்ப நிரம்ப அரசுக்கு 20 சதம் மிச்சம். பத்து ஆண்டில் அடிக்கப்பட்டவை 3400 கோடிக்கும் அதிகம். மக்களிடம் வட்டியில்லாமல் வாங்கிய கடன் எண்டுகூடச் சொல்லலாம்.

இப்போது அந்த ஆறு குற்றிகளுக்கு வருவோம்.

50 மாநிலங்கள் என்றுதான் 1997 சட்டம் சொன்னது. தலைநகர் வொஷிங்டன் டி.சி. ஒரு மாநிலம் அல்ல. புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க சமோவா, அமெரிக்க வெர்ஜின் தீவுகள், வட மரியானா தீவுகள் ஆகியவையும் மாநிலங்கள் அல்ல, 'பிரதேசங்கள்'. புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் 1898இல் ஸ்பெயினுடனான போரில் கைப்பற்றப்பட்டவை. வெர்ஜின் தீவுகள் 1917இல் டென்மார்க்கிடம் விலைக்கு வாங்கப்பட்டவை. இந்த ஐந்து பிரதேசங்களிலும் வாழ்பவர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு இல்லை. ஆனால் அவர்கள் கடையில் கொடுப்பதும் வாங்குவதும் இதே கால் டொலர்தான். தங்களுக்கும் ஒரு குற்றி வேண்டும் என்று பல வருடங்கள் கேட்டார்கள். 2007 டிசம்பரில்தான் சட்டம் வந்தது. 2009இல் ஆறு குற்றிகள் வெளிவந்தன.

தலைநகர் மக்கள் தங்கள் குற்றியில் பொறிக்கக் கேட்ட வாசகம், 'பிரதிநிதித்துவம் இல்லாத வரி'. அவர்கள் வரி கட்டுகிறார்கள், ஆனால் கொங்கிரசில் வாக்களிக்கும் உரிமையுள்ள ஒரு உறுப்பினர்கூட அவர்களுக்கு இல்லை. 2000 முதல் அந்நகர வாகன இலக்கத்தகடுகளில் இருந்த வாசகம் அது. நாணயசாலை மறுத்துவிட்டது. சர்ச்சைக்குரிய கருத்துகளைக் குற்றியில் போட முடியாதாம். கடைசியில் பியானோவுக்கு முன்னால் இசைமேதை டியூக் எலிங்டன் இருக்க, கீழே நகரத்தின் மகுடவாசகம்: 'எல்லோருக்கும் நீதி'. அமெரிக்கப் புழக்கக் குற்றியொன்றில் தனியாக இடம்பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் அவர். பெருமைதான். ஆனால் கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று.

மற்றவற்றைப் பாருங்கள். புவேர்ட்டோ ரிக்கோக் குற்றியில் ஸ்பானிய மொழி. குவாம் குற்றியில் சமோரோ மொழி. சமோவாக் குற்றியில் சமோவா மொழி. வாக்குச் சீட்டில் இடம் இல்லாதவர்களின் மொழிக்குக் குற்றியில் இடம் கிடைத்தது. இதை வெற்றி எண்டு சொல்லுறதா, சமாளிப்பு எண்டு சொல்லுறதா எண்டு எனக்கு இன்னும் தெளிவில்லை. இரண்டும் கலந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அவை வந்த நேரமும் பிழைத்தது. 2009இல் பொருளாதாரம் விழுந்து கிடந்தது. வங்கிகளுக்குப் புதுச் சில்லறை தேவைப்படவில்லை. வட மரியானாக் குற்றி மொத்தம் 7 கோடி 28 இலட்சம்தான் அடிக்கப்பட்டது. வெர்ஜினியாவின் 159 கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாகச் சேர்க்கப்பட்டவர்களே தேடக் கடினமானவர்களாகவும் ஆனார்கள். அதற்குள் மாமாவைப் போலப் பலர் தங்கள் அல்பத்தை முடித்து மூடியிருந்தார்கள்.

தொடர் அதோடு நிற்கவில்லை. 2010இல் இருந்து தேசியப் பூங்காக்கள், வரலாற்று இடங்கள் என்று இன்னும் 56. அதில் 2019இலும் 2020இலும் வெஸ்ட் பொயின்ட் நாணயசாலை ஒவ்வொரு வடிவத்துக்கும் வெறும் 20 இலட்சம் குற்றிகள் அடித்து, யாருக்கும் தனியாக விற்காமல் புழக்கத்துக்குள் கலந்துவிட்டது. ஆட்கள் தேடட்டும் என்பதே நோக்கம்.

ஒரு தொகுதி எப்போது முழுமையாகிறது என்பதை அதைச் சேர்ப்பவர் தீர்மானிப்பதில்லை. ஓட்டை போடுபவர்தான் தீர்மானிக்கிறார்.

எங்கட கையிலும் இப்படியொரு தொகுதி வந்து போயிருக்கிறது. இலங்கை மத்திய வங்கி 25 நிருவாக மாவட்டங்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்றாக, 2013 என்று பொறித்த 10 ரூபாக் குற்றிகளை வெளியிட்டது. வீட்டில் பால்மாப் பேணிக்குள் சில்லறை கிடந்தால் கொட்டிப் பாருங்கள். உங்கள் மாவட்டக் குற்றி கிடைத்தால், அதில் இருக்கும் படத்தை யார் தெரிவு செய்திருப்பார்கள், நீங்கள் என்றால் எதைப் போட்டிருப்பீர்கள் என்று யோசியுங்கள்.

மாமா திரும்பிப் போகும்போது அல்பத்தை எனக்கே தந்துவிட்டார். பொலித்தீன் பை இன்னும் பின்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கிறது. யாராவது பார்க்கக் கேட்டால், நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுகிறேன்.