ட்வீட் ஆற்றெல்லை: கோட்டை, பாலம், இரயில் பாதை

ஸ்காட்லாந்தின் தென்பகுதிக் குன்றுகளில் பிறந்து வடகடலில் கலக்கும் ட்வீட் ஆறு, தன் கீழ்ப்போக்கில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவுக்கு இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக ஓடுகிறது. 1237-ஆம் ஆண்டின் யார்க் உடன்படிக்கை இந்த எல்லையை ஏட்டில் உறுதிசெய்தது. அந்தப் பிரிவின் முடிவைக் குறிக்க அரசியல் வரலாறு இரண்டு ஆண்டுகளைச் சுட்டும்: இரு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் வந்த 1603, இரு நாடாளுமன்றங்களும் ஒன்றான 1707. ஆற்றங்கரைக் கட்டடங்களோ வேறொரு காலவரிசையைக் காட்டுகின்றன. அரசுகள் இணைந்து நெடுங்காலம் சென்ற பிறகே பாலங்கள் பெருகின. அப்பாலங்களும் எல்லையை அழித்துவிடவில்லை. படைகள் எதிரெதிரே நின்ற எல்லைக்கோட்டை, இரு சட்டங்களும் இரு சந்தைகளும் சந்திக்கும் இடமாக மாற்றின. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

துறைகளும் கோட்டைகளும்

பாலம் இல்லாத காலத்தில், இறங்கிக் கடக்கத்தக்க ஆழமற்ற துறைகளே இந்த எல்லையின் வாயில்கள். அத்தகைய ஒரு துறைக்கு மேலே நோரம் கோட்டையை 1121-இல் டர்ஹாம் ஆயர் ரனுல்ஃப் ஃபிளாம்பார்ட் எழுப்பினார். ஸ்காட்லாந்து அரியணைக்கு உரியவர் யார் என்ற வழக்கை விசாரிக்க இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1291-இல் அவை கூட்டியது இங்கேதான். பின்னர் அந்த அவை ஆற்றைக் கடந்து, எதிர்க்கரையில் உள்ள அப்செட்லிங்டன் வெளியிலும் கூடியது. 1513-இல் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் நோரம் கோட்டையை வீழ்த்தினார். இரண்டு வாரங்களுக்குள் ஃபிளாடன் போர்க்களத்தில் மாண்டார். படைகளும் தூதர்களும் ஆற்றை எல்லா இடங்களிலும் கடக்கவில்லை; கடக்க முடிந்த இடங்களிலேயே கடந்தனர். கோட்டைகளும் அங்கேயே எழுந்தன.

ஆறு தடுக்காத இடத்தில் அரண் எழுந்ததற்குப் பெரிக் நகரம் இன்னொரு சான்று. வடகரையில் இருந்தாலும் 1482 முதல் அது தொடர்ந்து இங்கிலாந்தின் வசமே உள்ளது. எல்லைக்கோடு நகருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தள்ளிச் செல்கிறது. ஆறு காக்காத அந்த நகரை மதில் காக்க வேண்டியிருந்தது. 1558-இல் தொடங்கிய புதிய மதில் இத்தாலியப் பாணியைப் பின்பற்றியது. பீரங்கிக் குண்டுகளைத் தாங்குவதற்காக உயரத்தைக் குறைத்து, கல்முகப்புக்குப் பின்னால் மண்ணை மேடாகக் குவித்தார்கள். அம்புமுனை போல் துருத்தி நிற்கும் கொத்தளங்களிலிருந்து, மதிலை நெருங்குவோரைப் பக்கவாட்டில் சுட முடியும். எலிசபெத் ஆட்சியின் மிகப்பெரும் கட்டுமானச் செலவு இதற்கே ஆனது.

ஒன்றியம் தராத பாலங்கள்

1603-இல் முடிகள் இணைந்ததும் பாலங்கள் தாமாக வந்தன என்று வாதிடுவோர் பெரிக்கின் பழைய பாலத்தைக் காட்டலாம். இங்கிலாந்து மன்னராக முடிசூட லண்டன் சென்ற ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கே மரப்பாலத்தின் மீது ஆற்றைக் கடந்தார். பின்னர் அரசு நிதியில் 1611 முதல் 1624 வரை 15 வளைவுகளுடன் கல் பாலம் கட்டப்பட்டது. ஆனால் அதன் இரு முனைகளும் இங்கிலாந்திலேயே இருக்கின்றன. எல்லையாக ஓடும் பகுதியில் இரு நாடுகளையும் கல் பாலம் இணைத்தது, ஜான் ஸ்மீட்டன் வடிவமைத்த கோல்ட்ஸ்ட்ரீம் பாலம் 1766-இல் திறக்கப்பட்டபோதுதான். முடிகள் இணைந்து 163 ஆண்டுகள், நாடாளுமன்றங்கள் இணைந்து 59 ஆண்டுகள். அரசியல் இணைப்பு பாலத்துக்கு இடம்கொடுத்தது. அதைக் கட்ட வைத்தவை சாலைகளின் வளர்ச்சியும் வணிகமும் ஆகும்.

அந்தப் பாலத்தின் ஸ்காட்லாந்து முனையில் இருந்த சுங்க வீட்டின் கதை இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. இங்கிலாந்தின் 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், பெற்றோர் இசைவின்றி இளையோர் மணப்பதைக் கடினமாக்கியது. ஸ்காட்லாந்துச் சட்டத்திலோ சாட்சிகள் முன் இருவரும் உறுதி சொன்னாலே போதுமாயிருந்தது. ஆகவே பாலத்தைக் கடந்து ஓடிவந்த இணைகள் சுங்க வீட்டிலேயே மணம் முடித்தனர். 1856-இன் சட்டம் 21 நாள் குடியிருப்பைக் கட்டாயமாக்கியதும் அந்த வழக்கம் ஒடுங்கியது. எல்லை இல்லையேல் அந்தத் திருமணங்கள் இல்லை. பாலம் இல்லையேல் அந்த எல்லையால் அவர்களுக்குப் பயனும் இல்லை.

சங்கிலியும் தண்டவாளமும்

இங்கிலாந்தின் ஹார்ன்கிளிஃப் அருகே உள்ள யூனியன் பாலம் 1820 ஜூலை 26-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் நிலக்கரியும் சுண்ணாம்பும் ஏற்றிய வண்டிகள் துறையில் இறங்கிக் கடந்தன. வெள்ளம் வந்தால் பெரிக் அல்லது கோல்ட்ஸ்ட்ரீம் வழியே பல மைல் சுற்ற வேண்டும். கப்பல்களுக்கு இரும்புச் சங்கிலி செய்து பழகிய கடற்படைக் கேப்டன் சாமுவேல் பிரவுன், இரு முனையிலும் கண் வைத்த நீண்ட தேனிரும்புக் கம்பிகளை ஒன்றோடொன்று ஆணியிட்டுக் கோத்து 137 மீட்டர் அகலத்தை ஒரே தாவலில் கடந்தார். ஸ்காட்லாந்துக் கரையில் சங்கிலிகள் தனித்து நிற்கும் கற்கோபுரத்தின் மேலேறி இறங்குகின்றன. இங்கிலாந்துக் கரையிலோ செங்குத்தான பாறையிலேயே தாங்குச்சுவர் பதிக்கப்பட்டுள்ளது. இரு கரைகளின் நில அமைப்பும் பாலத்தின் உருவத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. திறப்பு நாளில் சுமையேற்றிய வண்டிகளை ஓட்டிக்காட்டிய பிறகே மக்களின் ஐயம் தீர்ந்தது.

இரயில் இதே போக்கைத் தொடர்ந்தது. பெரிக்கில், 28 வளைவுகள் கொண்ட ராபர்ட் ஸ்டீவன்சனின் ராயல் பார்டர் பாலத்தை 1850-இல் விக்டோரியா அரசி திறந்துவைத்தார். பெரிக் நிலையத்துக்காகப் பழைய கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1292-இல் ஸ்காட்லாந்து அரியணை ஜான் பேலியலுக்கே என்று தீர்ப்பு வழங்கப்பட்ட பெருங்கூடத்தின் இடத்தில் இன்று நடைமேடை இருக்கிறது. மேற்கே, ஸ்காட்லாந்து நகரமான கோல்ட்ஸ்ட்ரீமுக்குரிய இரயில் நிலையம் தென்கரையில், இங்கிலாந்தின் கார்ன்ஹில் கிராமத்தில் இருந்தது. 1964-இல் பயணிகள் சேவை நிற்கும்வரை அந்நகர மக்கள் இரயிலேற நாடு கடந்தே சென்றனர்.

முடிவுரை

ஒரு நாட்டின் கட்டடங்களை மட்டும் எடுத்து ஆராய்வது இந்த ஆற்றைப் பாதியாகவே காட்டும். யூனியன் பாலம் இன்றும் இங்கிலாந்தின் மரபுப் பட்டியலில் ஒரு முறையும் ஸ்காட்லாந்தின் பட்டியலில் ஒரு முறையும் தனித்தனியே இடம்பெறுகிறது. ஆனால் 2023-இல் முடிந்த அதன் சீரமைப்பை இரு கரை உள்ளாட்சிகளும் சேர்ந்தே செய்தன. சங்கிலியைப் பாதி பாதியாகப் பழுதுபார்க்க வழியில்லை. ஆய்வும் அதே நெறியைக் கொள்ள வேண்டும். துறை, கோட்டை, சுங்க வீடு, பாலம், நிலையம் ஆகியவற்றை இரு கரைகளுக்கும் பொதுவான ஒரே தொகுதியாகப் பதிவு செய்தால்தான், உடன்படிக்கைகள் சொல்லாத எல்லையின் வரலாறு முழுமையாகக் கிடைக்கும்.