நடுகல் (ஜவ்வாது மலையடிவாரம்)

போரிலோ ஆநிரை காக்கும் பூசலிலோ உயிர்விட்ட வீரனுக்கு ஊரார் பொதுவெளியில் நட்ட சிற்பக்கல். கலசப்பாக்கத்தை அடுத்த செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் மிகுதி. அரண்மனைக்குள் அடைபடாமல் ஏரிக்கரை, வயல்வரப்பு, ஊர்ப்புறம் என எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றவை இவை; தமிழகத்தின் பழைய பொதுவெளிக் கலைகளுள் ஒன்று என்று இவற்றைத் தயங்காமல் சொல்லலாம். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது.

இவற்றுள் எடுத்தனூர்க் கல் தனித்துப் பார்க்கத்தக்கது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டில், எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரன் கருந்தேவகத்திக்கு எடுத்தது. வில்லேந்திய வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதை வட்டெழுத்து வரிகள் பதிவுசெய்கின்றன. மன்னர் பெயர் பொறித்த கல்லில் ஒரு நாய்க்கும் பெயரோடு இடம் தந்த ஊராரின் நன்றியுணர்வு பெரிது.

தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்னும் தெய்வமாக வழிபடப்படுகின்றன. அவை சிதையாமல் நிலைத்ததில் இவ்வழிபாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.